அந்தப் பொய் என்னுடையது

பதுளை மாவட்ட நீதிமன்றத்தில் ஒரு வயதான அம்மா சாட்சிக் கூண்டில் ஏறி, சத்தியம் செய்துவிட்டு, ஒரு பொய் சொன்னார். அதற்கு முன் அவர் நீதிமன்றப் படி ஏறியவர் இல்லை. அந்தப் பொய்யை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அதனால் அவருடைய வீடு போனது. என் பெயர் கெட்டுவிடக்கூடாது என்பதற்காகச் சொல்லிக்கொடுத்தேன். வேறு எந்தக் காரணமும் இல்லை.

அவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் நான் எழுதப்போவதில்லை. நேரில் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே சொல்கிறேன். என் தொழிலை மட்டும் சொல்லியாக வேண்டும். நான் தோட்டப் பாடசாலை ஆசிரியன். நமுனுகுலை மலைப் பக்கம் ஒரு லயத்தில் பிறந்து, அந்த லயத்திலிருந்து முதன்முதலாக உயர்தரம் சித்தியடைந்து மாஸ்டர் ஆனவன். எங்கள் பக்கத்தில் மாஸ்டரின் வேலை பள்ளிக்கூடத்தோடு முடிவதில்லை. பிறப்புச் சான்றிதழில் பெயர்ப் பிழை, ஈபிஎஃப் படிவம், ஆஸ்பத்திரி கிளினிக் கார்டு, பொலிஸ் முறைப்பாடு என்று எல்லாத் தாளும் மாஸ்டர் வீட்டு வாசலுக்கு வரும். அநேகமாகச் சிங்களத்தில் இருக்கும். வாசித்துச் சொல்வேன், நிரப்பிக் கொடுப்பேன். அதற்கு யாரிடமும் காசு வாங்கியதில்லை. வாங்கியது மரியாதை.

எனக்குத் தெரிந்த சிங்களம் பதுளை பஸ் நிலையத்திலும் சந்தையிலும் பேசிப் பழகியது. பேச்சு சரளமாக வரும். பத்திரிகைத் தலைப்பு வாசிப்பேன். ஒரே படிவத்தைப் பல தடவை பார்த்த பழக்கத்தில் அதை நிரப்பவும் செய்வேன். ஆனால் நீதிமன்றத் தாளில் வரும் சிங்களம் எனக்கு விளங்காது. ஒரு பந்தியில் நாலைந்து சொற்களைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தை ஊகிப்பேன். இதை நான் யாரிடமும் ஒத்துக்கொண்டதில்லை. லயத்துச் சனம் என்னை எல்லாம் தெரிந்தவன் என்று நம்பியது. அந்த நம்பிக்கையைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

பெரியம்மா தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது ஈபிஎஃப், ஈடிஎஃப் பணத்தோடு சேவைக்காலப் பணமும் கிடைத்தது. 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம், நாட்சம்பளத்துக்கு வேலை செய்தவருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் கொடுக்கச் சொல்கிறது. வருடத்துக்கு 14 நாளாகச் சேர்ந்த அந்தத் தொகையையும் மற்றதையும் திரட்டி, ஹாலிஎல பக்கம் கிராமத்து எல்லையில் 10 பேர்ச் காணி வாங்கினார். அவரை அவசரப்படுத்தியது மண்சரிவுப் பயம். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதிலிருந்து, அடைமழை இரவுகளில் எங்கள் சரிவுகளில் பலர் படுப்பதே இல்லை. "மண்ணுக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒரு மண்ணு சொந்தமா வேணும் தம்பி" என்று சொல்லித்தான் அவர் அந்தக் காணியை வாங்கினார்.

சொந்தமாக ஓர் உறுதி வைத்திருப்பது எங்களுக்கு எவ்வளவு பெரிய காரியம் என்பதை வெளியில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். கோப்பிக் காலத்திலிருந்து இரண்டு நூற்றாண்டு இந்த மலைகளில் உழைத்திருக்கிறோம். 1972லும் 1975லும் வந்த காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசின் கைக்குப் போயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. கை மாறிய ஒவ்வொரு தடவையும் லயத்துக் காம்பராவில் இருந்தவர் இருந்தபடியே இருந்தார், அவர் பெயரில் ஒரு தாளும் எழுதப்படவில்லை. பெரியம்மாவின் குடும்பத்தில் காணி உறுதியில் ஏறிய முதல் பெயர் அவருடையதுதான். இரண்டு அறை கட்டி, தகரம் போட்டு, வேலியோரம் மிளகுக் கொடி ஏற்றிவிட்டார்.

அந்தக் காணியில் ஒரு சிக்கல் இருந்தது. கிராமத்துக் காணிகளில் பல, பிரிக்கப்படாத பங்குகளாகவே தலைமுறை தலைமுறையாக வருபவை. விற்றவர் தன் பங்கு என்று காட்டி விற்ற துண்டுக்கு இன்னொருவர் வேறோர் உறுதியை வைத்துக்கொண்டு உரிமை கேட்டார். காணி தனக்குரியது என்று பிரகடனம் செய்து பெரியம்மாவை வெளியேற்றித் தரும்படி வழக்குப் போட்டார். பெரியம்மாவிடம் பதிவு செய்த உறுதி இருந்தது, பணம் கொடுத்த பற்றுச்சீட்டு இருந்தது, நொத்தாரிசு இருந்தார். எதிர்வழக்காட அவருக்கு வழி இருந்தது என்பதை மறக்க வேண்டாம்.

அழைப்பாணை முதலில் பதிவுத் தபாலில் போயிருக்கிறது. உறுதியில் இருந்தது தோட்டத்து முகவரி. லயங்களுக்குத் தனித்தனி இலக்கம் கிடையாது, தபால் தோட்ட ஆபீசுக்குப் போய், அங்கிருந்துதான் ஆளைத் தேடி வரும். பெரியம்மா அப்போது தோட்டத்தை விட்டுப் போய்விட்டார். தபால் திரும்பியது. பிறகு நீதிமன்றத்தின் பிஸ்கால் உத்தியோகத்தர் ஹாலிஎல வீட்டைத் தேடிப்பிடித்து நேரில் கொடுத்தார்.

அந்தத் தாளோடு பெரியம்மா பஸ் ஏறி என்னிடம் வந்தார்.

"தம்பி, ஒரு ஐயா கொண்டாந்து குடுத்தாரு. என்னான்னு பாருங்க."

வாங்கிப் பார்த்தேன். அரச இலச்சினை, முத்திரை, அவர் பெயர், காணியின் எல்லைகள், ஒரு திகதி. காணி என்ற சொல் கண்ணில் பட்டதும் காணிப் பதிவகத்துத் தாள் என்று முடிவு கட்டினேன். திகதி எதற்கு என்று யோசிக்கவில்லை. கொண்டுவந்தவர் யார், எங்கேயாவது கையொப்பம் வாங்கினாரா என்று கேட்கவில்லை. விளங்காத வரிகள் நிறைய இருந்தன என்பது எனக்குத் தெரியும். அப்போது வீட்டில் வேறு இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் முன்னால் "எனக்கு இது விளங்கவில்லை" என்று சொல்ல நா வரவில்லை.

"காணி பதிஞ்ச காயிதம் பெரியம்மா. பயப்பட ஒண்ணும் இல்ல. உறுதியோட சேத்துப் பத்திரமா வச்சிருங்க."

அவர் பத்திரமாக வைத்தார்.

அந்தத் திகதி, அவர் நீதிமன்றத்துக்கு வந்து மறுமொழி அளிக்க வேண்டிய தவணை. எங்கள் நாட்டில் சிவில் வழக்குகள் 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவைப்படி நடக்கின்றன. எதிராளி வரவில்லை என்றால், மறுமொழியும் போடவில்லை என்றால், 84ஆம் பிரிவு வழக்கை ஒருதரப்பு விசாரணைக்கு அனுப்புகிறது. வழக்காளி மட்டும் சாட்சியம் சொல்கிறார். அதில் நீதிபதி திருப்திப்பட்டால் தீர்ப்பும் தீர்ப்பாணையும் வருகின்றன. பெரியம்மா வழக்கிலும் இதுதான் நடந்தது.

ஆனால் சட்டம் அங்கே கதவை அடைத்துவிடுவதில்லை. தீர்ப்பாணையின் பிரதியை எதிராளிக்குச் சேர்ப்பிக்க வேண்டும். சேர்ப்பித்த நாளிலிருந்து 14 நாளுக்குள் அவர் மனுவும் சத்தியக் கடதாசியும் தாக்கல் செய்து, தான் வராமல் போனதற்கு நியாயமான காரணம் இருந்தது என்று நீதிமன்றத்தைத் திருப்திப்படுத்தினால், நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நீக்கி வழக்காட இடம் கொடுத்தாக வேண்டும். 86ஆம் பிரிவின் 2ஆம் உட்பிரிவு இது. காணி யாருடையது என்ற கேள்வி அந்த விசாரணையில் எழாது. ஏன் வரவில்லை என்பது ஒன்றுதான் கேள்வி. அந்தக் கேள்விக்கு உண்மையான பதிலாக இருந்தவன் நான்.

தீர்ப்பாணைப் பிரதி கைக்கு வந்ததும் பெரியம்மா மறுபடி என்னிடம் வந்தார். இந்த முறை பயந்துபோயிருந்தார். அதைப் பக்கத்துச் சிங்களப் பாடசாலை ஆசிரியர் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் வாசித்து முடித்துவிட்டு, இதற்கு முன் ஒரு தாள் வந்திருக்குமே என்று கேட்டார். என் அடிவயிறு கலங்கியது.

பதுளையில் ஒரு சட்டத்தரணியைப் போய்ப் பார்த்தோம். 14 நாள் முடிய இன்னும் இடம் இருந்தது. அவர் பெரியம்மாவைப் பார்த்துத் தமிழில்தான் கேட்டார்: "அம்மா, அழைப்பாணை உங்க கைக்கு வந்ததா?"

பெரியம்மா என் பக்கம் திரும்பினார். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"வரல்ல சேர். எதுவுமே வரல்ல."

இந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். யோசிக்காமல் வாய் தவறி வந்தது என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். முந்தின இரவு முழுக்க யோசித்திருந்தேன். உண்மையைச் சொன்னால் நான் ஒரு சத்தியக் கடதாசி கொடுக்க வேண்டும், விசாரணையில் சாட்சி சொல்ல வேண்டும். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழுந்து, "ஆசிரியருக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாதா?" என்று கேட்பார். பதுளைக் கோர்ட்டில் எங்கள் ஆட்கள் எந்நாளும் நாலு பேர் இருப்பார்கள். சாயந்திரத்துக்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிடும். அதைத் தாங்க எனக்குத் தைரியம் இல்லை.

இன்னொன்றும் என்னை இழுத்தது. அழைப்பாணை சேராத வழக்கில் கொடுத்த தீர்ப்பு நிற்காது என்று கோர்ட்டுப் பக்கம் புழங்குகிற ஒருவர் சொல்லக் கேட்டிருந்தேன். அது சரியான சட்டமே. 1981இல் இத்தேபான எதிர் ஹேமாவதி என்ற வழக்கில், அழைப்பாணை சேர்ப்பிக்கப்படாமை நியாயாதிக்கத்தின் வேரையே தொடும் குறை என்று நீதியரசர் சர்வானந்தா தீர்ப்புரைத்தார். தனக்கெதிராக வழக்கு இருப்பதே தெரியாத மனிதரைக் காப்பாற்ற வந்த தீர்ப்பு அது. அதை என் வெட்கத்தை மறைக்க நான் பயன்படுத்தினேன். உண்மையைவிட இந்தப் பொய் பலமான காரணம் என்றுகூட எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வெளியே வந்ததும் பெரியம்மா கேட்டார். "அந்தக் காயிதம் வந்துச்சே தம்பி?"

"அது கணக்கில இல்ல பெரியம்மா. கோர்ட்டுல கேட்டா வரல்லன்னே சொல்லுங்க. அப்பத்தான் வீடு நிக்கும்."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. மாஸ்டர் சொன்னால் சரியாக இருக்கும் என்பது அவர் நம்பிக்கை. சத்தியக் கடதாசியில் சமாதான நீதவான் முன்னால் பெருவிரல் வைத்தார். சட்டத்தரணி மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. நாங்கள் சொன்னதைத்தான் அவர் எழுதினார்.

விசாரணையில் பெரியம்மாவின் சாட்சியத்தை மொழிபெயர்ப்பாளர் சிங்களத்தில் சொன்னார். ஊவா நீதிமன்றங்களின் மொழி சிங்களம். அந்த மொழி தெரியாத தரப்பினருக்கு மொழிபெயர்ப்புப் பெறும் உரிமையை அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை தருகிறது. நீதிமன்றத்துக்குள் வந்துவிட்டால் அந்த உரிமை வேலை செய்கிறது, அன்றைக்கும் செய்தது. தாள் வாசலுக்கு வரும் நாளில்தான் மொழிபெயர்ப்பாளர் இருப்பதில்லை. அந்த இடத்தில் என்னைப் போன்ற ஒருவன் இருக்கிறான். அதனால்தான் அவன் தெரியாததைத் தெரியாது என்று சொல்வது அவ்வளவு முக்கியமாகிறது. இதை நான் காலம் தாழ்த்தி விளங்கிக்கொண்டேன்.

வழக்காளி பக்கம் பிஸ்கால் உத்தியோகத்தரை அழைத்தார்கள். வீடு எங்கே இருக்கிறது, கூரை எப்படி, வேலியில் என்ன கொடி என்று அவர் சொன்னார். பிறகு அழைப்பாணையின் பிரதியை எடுத்துக் காட்டினார்கள். கீழே பெருவிரல் அடையாளம் இருந்தது. குறுக்கு விசாரணையில் பெரியம்மாவிடம் அதைக் காட்டி, இது யாருடைய கைநாட்டு என்று கேட்டார்கள். நான் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவர் ஒரு தடவை என் பக்கம் பார்த்துவிட்டு, "என்னோடதுதாங்க ஐயா" என்றார். தாளை என்ன செய்தீர்கள் என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்லவே இல்லை. மாஸ்டரிடம் காட்டினேன் என்று சொல்லியிருக்கலாம். என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டார்.

எழுந்து நின்று, ஐயா, அந்தத் தாளைத் தப்பாக வாசித்துச் சொன்னவன் நான்தான் என்று அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். வெளியே போய்ச் சட்டத்தரணியிடமாவது சொல்லியிருக்க வேண்டும். உட்கார்ந்தே இருந்தேன்.

மனு தள்ளுபடியானது. உத்தியோகத்தரின் சாட்சியம் நம்பத்தக்கது, எதிராளியின் சத்தியக் கடதாசி உண்மைக்குப் புறம்பானது, வராமைக்கு நியாயமான காரணம் எதுவும் காட்டப்படவில்லை என்று கட்டளை வந்தது. நீதிபதியைக் குறை சொல்ல இடமில்லை. அவர் முன் வைத்ததை வைத்துத்தான் அவர் தீர்மானிக்க முடியும். சிங்களம் வாசிக்கத் தெரியாத ஒரு தொழிலாளி, தாள் கைக்கு வந்ததும் ஊர் ஆசிரியரிடம் ஓடிப்போய்க் காட்டி, அவர் தவறாகச் சொன்னதை நம்பி வீட்டில் இருந்துவிட்டார் என்ற உண்மையான காரணம் அந்த நீதிமன்றத்தின் முன் ஒருநாளும் வைக்கப்படவில்லை. வைத்திருந்தால் நிச்சயம் தீர்ப்பு நீங்கியிருக்கும் என்று நான் சத்தியம் பண்ண முடியாது. நியாயமான காரணம் என்று சட்டம் கேட்பதற்கு அது பொருந்தும் என்று அதற்குப் பிறகு நான் கேட்ட சட்டத்தரணிகள் சொன்னார்கள்.

அப்படிப்பட்ட கட்டளைக்கு எதிராக மேன்முறையீடு செய்ய 88ஆம் பிரிவு இடம் தருகிறது. 14 நாளுக்குள் அறிவித்தல், 60 நாளுக்குள் மனு. 2006ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு மாகாண மேல் நீதிமன்றமே அதைக் கேட்கும். பெரியம்மாவிடம் பணம் இல்லை. என்னிடம் கொஞ்சம் இருந்தது, கொடுக்கிறேன் என்றேன். "வேணாம் தம்பி, மறுபடி அந்தக் கூண்டில ஏற முடியாது" என்று சொல்லிவிட்டார். எழுத்தாணையோடு பிஸ்கால் வந்து காணியை வழக்காளியிடம் ஒப்படைத்தார். பெரியம்மா தோட்டத்தில் மகளின் லயக் காம்பராவுக்குத் திரும்பினார். மண்சரிவுக்குப் பயந்து எந்த இடத்தை விட்டுப் போனாரோ அதே இடம். 14 நாள், 14 நாளாக வருடக்கணக்கில் சேர்த்தது அப்படிப் போனது.

பிறகு, இனியாவது உண்மையைச் சொல்லி அந்தத் தீர்ப்பை எடுக்க முடியுமா என்று கேட்டுத் திரிந்தேன். 14 நாள் என்ற கெடுவை நீதிமன்றத்தால் நீட்ட முடியாது. மேன்முறையீட்டு நீதிமன்றத்திடம் மீளாய்வு கேட்கலாம், பழைய நிலைக்கு மீட்டுத் தரும்படியும் கேட்கலாம். அரசியலமைப்பின் 138ஆம் உறுப்புரையில் அந்த அதிகாரம் இருக்கிறது. ஆனால் அந்த நிவாரணம் நீதிமன்றத்தின் தற்றுணிவில் இருப்பது. தாமதமில்லாமலும் உண்மையை மறைக்காமலும் வருகிறவருக்குத்தான் அது கிடைக்கும். பெரியம்மாவின் கோப்பில் அவர் கைநாட்டோடு ஒரு பொய்ச் சத்தியக் கடதாசி கிடக்கிறது. அதை அங்கே போட வைத்தவன் நான். அழைப்பாணையைத் தப்பாக வாசித்தது ஒரு தவறு, அதைத் திருத்தச் சட்டத்தில் வழி இருந்தது. அடுத்து நான் செய்தது அந்த வழியையும் மூடியது.

இதை எழுதுமுன் பெரியம்மாவிடம் போய், முதலாவது தாள் எனக்கு விளங்கவே இல்லை என்பதைச் சொன்னேன். நான் சட்ட நுணுக்கம் எதையோ வைத்துத்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன் என்றே அவர் அதுவரை நினைத்திருந்தார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்:

"அன்னைக்கே தெரியாதுன்னு சொல்லியிருந்தா, வேற யார்கிட்டயாவது காட்டியிருப்பேனே தம்பி?"

பதில் சொல்ல என்னால் முடியவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். அது மன்னிப்பா என்று நான் கேட்கவில்லை.

இதை வாசிக்கும் மாஸ்டர்மாருக்கும், தோட்டத் தலைவர்மாருக்கும், கணக்கப்பிள்ளைமாருக்கும், பாட்டிக்குக் கடிதம் வாசித்துக் கொடுக்கும் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கும் ஒன்று கேட்கிறேன். முத்திரையும் வழக்கு இலக்கமும் உள்ள தாள் ஒன்றை யாராவது உங்கள் கையில் கொடுத்தால், முழுதாக விளங்காவிட்டால், விளங்கவில்லை என்று அந்த இடத்திலேயே சொல்லுங்கள். எந்த நீதிமன்றம், என்ன இலக்கம், எந்தத் திகதி, யார் கொண்டுவந்தார், எங்கே கைநாட்டு வைத்தார் என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். அன்றோ மறுநாளோ அவரையும் கூட்டிக்கொண்டு நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போங்கள். பணம் இல்லாதவருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, 1978ஆம் ஆண்டின் சட்டம் அதை இதற்காகவே ஏற்படுத்தியது. தவணை தவறித் தீர்ப்பு வந்துவிட்டால் 14 நாளை எண்ணத் தொடங்குங்கள். தவறியது உங்களால் என்றால், உங்கள் பெயரை எழுதி, நீங்களே சத்தியக் கடதாசி கொடுங்கள்.